மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

என் அக்கா வீட்டுக்காரர் நவநீதன் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். கர்வம் இல்லை, கெட்ட மனசும் இல்லை. பேசும்போது அவருடைய பார்வை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ போய் நின்றுவிடும், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று அக்கா காபித் தட்டோடு எதிரில் வந்து நின்றபோதும் அவர் தட்டைத்தான் பார்த்தார். "மாப்பிள்ளைக்குப் பொண்ணப் புடிச்சிருக்குங்களா?" என்று எங்கள் சித்தப்பா கேட்டார். "காபி நல்லா இருக்குதுங்க" என்றார் இவர். அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்துவிட்டாள் என்பதற்காகவே அந்தக் கல்யாணம் நடந்தது.

அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பெட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் தனிக் கற்றல் மையம். ஒரு பெரிய கூடம், அதில் வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு குழந்தையும் ஒரு திரையும். திரைதான் வாத்தியார். குழந்தையின் கண்மணி எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே சலிக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். புரியவில்லை என்று குழந்தை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பே திரை வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடும். படிப்பை மட்டும் பார்த்தால் குறையே இல்லை. மச்சான் கணக்கில் புலி. தென்னை ஏறும் எந்திரங்களுக்கு மூளை எழுதுவது அவர் வேலை. பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் பாதித் தோப்புகளில் அவர் எழுதிய மூளைதான் மரம் ஏறி இறங்குகிறது. ஆனால் என் பேக்கரிக்கு வந்தால் வாசலிலேயே நிற்பார். நானாகப் பார்த்து "வாங்க மச்சான், தேங்காய் பன்னுங்களா?" என்று கேட்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். திரை கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளும். பேக்கரிக்காரனுக்கு ஆயிரம் வேலை இருக்காதா?

எங்கள் ஊருக்குப் பெட்டி தாமதமாக வந்தது. அதனால் வாத்தியார்களிடம் திட்டு வாங்கிப் படித்த கடைசி ஆட்களில் நானும் ஒருவன். எனக்குக் கணக்கு வராது. ஆனால் கடைக்குள் நுழைகிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறாரா, நல்ல சேதியோடு வருகிறாரா என்பதை அவர் வாசல்படி ஏறுவதற்குள் சொல்லிவிடுவேன். சண்டை போட்டு வருகிறவருக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கொடுப்பேன். தொழில் ரகசியம்.

பெட்டியில் படித்த தலைமுறை பெரிதாகி, கல்யாணம் செய்து, ஒரே வீட்டுக்குள் தோளைப் பார்த்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் அரசாங்கத்துக்கு எங்கோ உறைத்தது. வட்டாரத்துக்கு ஒன்று என்று வாத்தியார் பள்ளிக்கூடங்களை மறுபடி திறந்தார்கள். நிஜமான டீச்சர், கரும்பலகை, பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள். இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏராளம். அதனால் ஒரு தேர்வு. குழந்தைக்கு ஐந்து வயது முடிந்ததும் ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் வைத்திருக்கும் பழைய இடம். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். குழந்தை தனியாகச் சுற்றிப் பார்க்கும். பிறகு முடிவு சொல்வார்கள். எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்கள். ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

அக்கா மகள் தாரகைக்குப் போன ஆவணியில் ஐந்து முடிந்தது. எங்களுக்கு அவள் தாரு. பிறந்தநாளன்று சாயங்காலம் மச்சான் கடைக்கு வந்தார். நான் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டார். அதிலேயே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"மாப்ளே, பெட்டியில படிச்சவன் எங்க வூட்டுல நான் ஒருத்தன் போதும்" என்றார் வர்க்கித் தட்டைப் பார்த்தபடி. "தாருவுக்கு ஒரு டீச்சர் வேணும். பேரச் சொல்லிக் கூப்புடற டீச்சர். அவ அழுதா ஏன் அழுவறேன்னு கேக்கற டீச்சர். நான் அழுதா திரை வெளிச்சத்தக் கொறைக்கும். அவ்ளோதான் பண்ணும்."

மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "வாங்கிரலாம் மச்சான். நம்ம தாருவுக்குக் கெடைக்காம வேற யாருக்குக் கெடைக்கும்?" என்றேன்.

எங்கே தேர்வு உண்டோ அங்கே பயிற்சி நிலையம் இருக்குமே. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் 'வியப்பகம்' என்று ஒன்று முளைத்திருந்தது. பரணீதரன் என்பவர் நடத்தினார். மியூசியத்துக்குள் தேர்வு எப்படி நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மேசைகள் மேல் பிளாஸ்டிக் சிறுத்தை, பிளாஸ்டிக் இருவாச்சிப் பறவை, பிளாஸ்டிக் வரையாடு. பிள்ளைகள் வரிசையாக வந்து ஒவ்வொன்றின் முன்னாலும் வியக்க வேண்டும்.

"வாயத் தொறக்கணும், பல்லு தெரியக் கூடாது. பல்லு தெரிஞ்சா சிரிப்பு. நமக்கு வேண்டியது வியப்பு" என்று அவர் சொல்லிக்கொடுத்ததை நானே என் காதால் கேட்டேன். பொடிசுகள் எல்லாம் ஒரே மாதிரி "ஆ" என்றன. பிறகு விலங்குக்கு ஒரு கேள்வி. சிறுத்தை என்றால் 'அதன் மேல் ஏன் புள்ளி?' இருவாச்சி என்றால் 'அதன் மூக்கு ஏன் பெரியது?' தாரு வீட்டுக்கு வந்து என்னிடம், "மாமா, மூக்கு ஏன் பெருசுன்னு கேக்கணுமாம். பதில் வேண்டாமாம்" என்றாள்.

அந்த நிலையத்தின் முக்கியமான விதி வேறொன்று. அதைப் பரணீதரன் பெற்றோர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

"கொழந்தை பின்னால திரும்பவே கூடாதுங்க. பரீட்சை ஹால்ல திரும்பிப் பாக்கறவன என்ன பண்ணுவாங்க? பேப்பரப் புடுங்கிட்டு வெளிய அனுப்பீருவாங்க. இதுவும் பரீட்சைதானுங்க. இல்லீனா எதுக்கு அப்பனாத்தாளக் கோட்டுக்குப் பின்னால நிறுத்தறாங்க? திரும்புனா பதில் கேக்கறான்னு அர்த்தம். நீங்களும் கொழந்தை மூஞ்சியப் பாக்காதீங்க. கண்ணக் காட்டறீங்கன்னு எடுத்துக்குவாங்க. செவுத்தப் பாத்துட்டு நில்லுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். பரீட்சை என்று சொன்னால் நம் ஊரில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? மச்சானுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பது என்று ஒரு பாடம் இருந்தால் அதில் அவர்தானே மாநிலத்தில் முதல்.

அவர் அதோடு விடவில்லை. எந்திரங்களுக்கு மூளை எழுதுகிறவர் ஆயிற்றே. தாருவின் தலைமுடிக் கிளிப்பில் பொட்டு அளவு ஒரு சாமானைப் பொருத்தினார். தாரு கழுத்தைத் திருப்பினால் அது 'ங்ங்ங்' என்று சிணுங்கும். வீட்டுத் தரையில் மஞ்சள் சாக்பீஸால் கோடு போட்டு அதற்குப் பின்னால் அவர் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். தாரு தன் பொம்மைகளை வரிசையாக வைத்து வியந்துகொண்டே போவாள். திரும்பினால் சிணுங்கல்.

கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா வார விடுமுறைக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஏனுங்க, கொழந்தைக்கு மணி கட்டறீங்களா? மாடுங்களா அது?"

"கொஞ்ச நாளைக்குத்தான் பிரகதி" என்றார் மச்சான், அவள் தோளிடம். "அப்பறம் காலம் பூராத் திரும்பிக்கட்டும்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். கொஞ்ச நாளில் கிளிப் சிணுங்குவது நின்றுபோனது. தாரு திரும்புவதை விட்டுவிட்டாள்.

தேர்வன்று அக்காவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். ஆனைமலைப் பாதையில் தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கட்டடம். நுழையும்போதே ஒரு யானை மண்டையோடு. எனக்கே ஒரு கணம் பகீரென்றது. உள்ளே ஒரே கூடம்தான். பாச்சை உருண்டை வாசனை. உயர்ந்த சன்னல்களிலிருந்து விழுந்த வெயிலில் தூசி பறந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சிறுத்தை நின்றது. அதன் வால் எப்போதோ கழன்றுபோய்க் கம்பி கொண்டு கட்டியிருந்தார்கள். சாராயம் ஊற்றிய கண்ணாடிப் பாட்டில்களில் பாம்புகள். ஊசி குத்திய பட்டாம்பூச்சிகள். நடுவில் ஒரு பட்ட மரம், அதன் தாழ்ந்த கிளையில், பெரிய அலகில் ஒரு சிவப்புப் பழத்தோடு இருவாச்சி. ஒன்றும் அசையவில்லை, ஒன்றும் பேசவில்லை. வீட்டுச் சுவரில் ஆரம்பித்துச் சோற்றுத் தட்டுவரை எல்லாமே பேசும் காலத்தில், இத்தனை சாமான்கள் வாயை மூடிக்கொண்டிருந்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மச்சான் தாருவின் முடியிலிருந்து கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "ஞாபகமிருக்குதா கண்ணு?" என்று கேட்டார். "இருக்குதுங்கப்பா" என்றாள் தாரு, நேராகப் பார்த்தபடி.

நான் வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். சொந்த மருமகள் என்பதால் சொல்லவில்லை, குழந்தை பிரமாதப்படுத்திவிட்டாள். சிறுத்தையிடம் "ஆ." வரையாட்டிடம் "ஆ." கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாள். நடுவில் அந்தப் பட்ட மரத்துக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்ற பக்கம் மரம் மறைத்ததால் அங்கே என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுந்து அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் மச்சான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையையே கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அசையாமல் நிற்பதற்கு ஒரு தேர்வு வைத்திருந்தால் அந்த உருளை அவரிடம் தோற்று வெட்கப்பட்டிருக்கும்.

தாரு வெளியே வந்ததும் அவளைத் தூக்கிச் சுற்றினேன். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்து, பையில் கொண்டுவந்திருந்த தேங்காய் பன்னைக் கொடுத்தேன். மச்சான் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு எங்களைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். தேர்வு அலுவலர் ஒரு பெண், பெயர் பெனாசிர், முப்பது வயது இருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததுமே சேதி நல்லதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சானுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு கெட்டிக்காரி சார்" என்று ஆரம்பித்தார் பெனாசிர். "தனிக் கற்றல் மையத்துல நல்ல எடமாவே போட்டிருக்கு."

"வாத்தியார் பள்ளிக்கூடமுங்களா?"

"இல்ல சார். தனிக் கற்றல் மையம்."

மச்சானின் குரல் எழும்பியது. அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

"எதுலீங்க தப்புப் பண்ணுனா? அதச் சொல்லுங்க. சிறுத்தைகிட்ட நின்னா. ஆடுகிட்ட நின்னா. கேள்வி கேட்டா. ஒரு தடவ கூடத் திரும்பலீங்க. எங்கொழந்தை ஒரு தடவ கூடத் திரும்பல!"

"அதான் சார்" என்றார் பெனாசிர்.

"என்னங்க அதான்?"

"திரும்பல. அதான்."

பெனாசிர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தப் பார்த்தார். பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு பன் தின்னும் தாருவைக் கண்டதும் பாதியில் நிறுத்தி, திறந்தே வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"இத நான் சொல்லக் கூடாது. ஆனா இந்த வருஷம் ஒவ்வொரு குடும்பமா உக்கார வெச்சுப் பொய் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. ஏன் மியூசியத்துக்கு வரச் சொல்றோம்னு யோசிச்சீங்களா? பொறந்ததுல இருந்து இந்தக் குழந்தைங்க பாக்கறது எல்லாமே பதில் சொல்ற சாமானுங்க. கண்ணு போற எடத்துக்குப் பதில் வந்துரும். பாடம் பண்ணின சிறுத்தை பதில் சொல்லாது. எவ்ளோ நேரம் பாத்தாலும் சும்மாதான் நிக்கும். அப்பக் குழந்தைக்குள்ள ஒரு 'அட' வருமில்ல, அத எங்க கொண்டுபோய்க் குடுக்கும்? கூட வந்த மனுஷங்ககிட்டதான். திரும்பி மூஞ்சியப் பாக்கும், 'பாத்தியா?'ன்னு. அது ஒண்ணத்தான் சார் நாங்க பாக்கறோம். அந்த விலங்குங்களோட கண்ணாடிக் கண்ணுக்குள்ள கேமரா இருக்கு. குழந்தை திரும்பிப் பெத்தவங்க கண்ணைப் பாத்தா அது கணக்கு. வாத்தியார்கிட்டப் படிக்க அந்தத் திரும்பறது ஒண்ணு இருந்தாப் போதும். மத்ததெல்லாம் சொல்லிக்குடுத்துக்கலாம்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா என்ன ஆகும்? நாளைக்கே திரும்பறதுக்குக் கிளாஸ் ஆரம்பிப்பாங்க. சிறுத்தைக்கு ரெண்டு தடவ திரும்பு, பாம்புக்கு ஒரு தடவ திரும்புன்னு."

பரணீதரன் அந்த வகுப்பை எடுப்பது கண் முன்னால் தெரிந்தது.

"எல்லாப் பொடிசும் கழுத்துல கட்டை வெச்சுக் கட்டின மாதிரி நடக்குதுங்க. பள்ளிக்கூடத்துல பாதி பெஞ்சு காலி. தகுதியான குழந்தைங்களே இல்லன்னு சொல்லி அதையும் மூடிரலாம்னு மேல பேசிட்டிருக்காங்க" என்றார் பெனாசிர்.

மச்சான் தன் கையைப் பார்த்தார். "கிளிப்பு பண்ணுனேனுங்க" என்றார். "திரும்புனாச் சிணுங்கற மாதிரி. நான்தான் பண்ணுனேன்." பெனாசிருக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. ஆனால் அந்தக் குரல் புரிந்திருக்கும். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஒரே ஒரு தடவ திரும்பினா சார். கண்ணும் கண்ணும் சேரலன்னு எந்திரம் எடுத்துக்கல."

அந்தப் பட்ட மரத்தின் அடிப்பக்கத்தில், குழந்தை உயரத்துக்கு மட்டும் தெரியும்படி, ஒரு பொந்து இருந்திருக்கிறது. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்றுப் பிளவுதான் மிச்சம். அந்தப் பிளவு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும், குஞ்சு பெரிதாகும்வரை. அதை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். பொந்துக்குள் இருந்த தாய்ப் பறவையின் கண்ணிலிருந்து எடுத்த படம் அது. பிளவு முழுக்கத் தாருவின் முகம். ஒரு கண் பெரிதாக வந்து உள்ளே பார்த்தது. பிறகு அவள் வாய் திறந்தது. வியப்பகத்து வாய் இல்லை. பல் எல்லாம் தெரிந்தது, ஒரு பல் விழுந்த இடம்கூடத் தெரிந்தது. அப்படியே அவள் முழு உடம்போடு பின்னால் திரும்பினாள்.

அவள் தலைக்கு மேலே, தூரத்தில், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் மச்சான் நின்றார். அவருடைய காதும் கன்னத்தின் ஓரமும்தான் தெரிந்தன. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை காத்திருந்தாள். கொஞ்ச நேரம் இல்லை, நல்ல நேரம். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல அவிந்தது. திரும்பி எழுந்து, அடுத்த பெட்டிக்கு முன்னால் போய், பல் தெரியாமல் "ஆ" என்றாள்.

"இதையாவது சேத்துக்க முடியாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"எந்திரம் நேரா மேல அனுப்பிருச்சு. எங்கையில ஒண்ணும் இல்லண்ணா" என்றார் பெனாசிர். அவர் கண் கலங்கியிருந்தது. மச்சான் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாரு இப்போது பெட்டிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். மேல்முறையீடு, சிபாரிசு, எம்.எல்.ஏ. வீட்டு வாசல் எல்லாம் நானும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். பள்ளி விட்டதும் என் கடைக்கு வந்துவிடுவாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் நின்று, வருகிறவர்களிடம் "என்ன வேணுமுங்க?" என்று கேட்பாள். முதல் வாரம் அவர்கள் சட்டைப் பொத்தானிடம் கேட்டாள். இப்போது முகத்திடம் கேட்கிறாள். சாயங்காலம் மச்சானும் வந்து டீ ஆற்றுகிறார். பாதி டீ தரைக்குப் போகிறது, போகட்டும். தேர்வுக்குத் தயார் செய்யும் பெற்றோர்கள் வருவார்கள். "உங்க மருமகளுக்கு என்னதான் கேட்டாங்க?" என்பார்கள். நாக்கைக் கடித்துக்கொள்வேன். "மியூசியத்துக்குக் கொழந்தையச் சும்மா கூட்டிட்டுப் போங்க. நீங்களும் சேந்து பாருங்க" என்று மட்டும் சொல்வேன். இடத்தைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று என்னைத் திட்டிக்கொண்டே நேராக வியப்பகத்துக்குப் போவார்கள்.

ஆனால் அன்றைய நாளுக்குத் திரும்பி வருகிறேன். அது இன்னும் முடியவில்லை.

அறையை விட்டு வெளியே வந்த மச்சான் தாருவின் முன்னால் போய் நின்றார். அவள் பன்னை முடித்துவிட்டு விரலில் ஒட்டிய தேங்காய்த் துருவலைத் தின்றுகொண்டிருந்தாள்.

"தாரு, வா. இன்னொருக்கா உள்ள போலாம்."

"மறுபடியுமா? நல்லாப் பண்ணலீங்களாப்பா?" அவள் உதடு பிதுங்கியது.

"நல்லாப் பண்ணுனே கண்ணு. எனக்குத்தான் ஒண்ணும் பாக்கக் கெடைக்கல."

பின்னால் வந்த பெனாசிர், "தேர்வு முடிஞ்சிருச்சு சார். கண்ணெல்லாம் அணைச்சாச்சு. இப்ப அதெல்லாம் வெறும் கண்ணாடிதான்" என்றார். "எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாருங்க."

உள்ளே போனோம். கூடத்தில் யாரும் இல்லை. வெயில் சாய்ந்து சிறுத்தையின் முதுகில் விழுந்திருந்தது. மஞ்சள் கோட்டுக்கு வந்ததும் மச்சானின் கால் தானாக நின்றது. பிறகு அதைத் தாண்டினார். பட்ட மரத்துக்கு அடியில் போய், சுத்தமான சட்டையோடு அழுக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாரு அவருக்கு முன்னால் குனிந்து பிளவில் கண்ணை வைத்தாள்.

"உள்ள ஒரு பறவை இருக்குதுங்கப்பா" என்றாள் பொந்துக்குள்ளே பார்த்தபடி. "குஞ்சும் இருக்குது. அப்பாப் பறவை வெளிய நிக்குது. உள்ள வர முடியாதாட்ட இருக்குது. பழம் குடுக்குது."

"அப்படியா?"

"ம்ம். பழம் செவப்பு."

அவள் கழுத்து லேசாக அசைந்தது. பாதி திரும்பியது. அங்கேயே நின்றுவிட்டது. அவள் கை மேலே போய்த் தலைமுடியில் கிளிப் இருக்கும் இடத்தைத் தடவியது. கிளிப் இல்லை, அது என் சட்டைப் பையில் இருந்தது. அப்படியும் அவள் திரும்பவில்லை. மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப உங்களப் பாக்கலாமுங்களாப்பா?"

அழுகையை அடக்க முடியாமல் பாம்புப் பாட்டில்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி திரும்பிப் பார்த்தேன். மச்சான் கைகளைத் தரையில் ஊன்றி, நகர்ந்து, குழந்தைக்கும் மரத்துக்கும் நடுவில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தார். தோளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கவில்லை. கஷ்டப்பட்டார், இமை படபடவென்று அடித்தது, வெயிலைப் பார்க்கிறவர் மாதிரி. ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

"பாரு சாமி" என்றார். "எவ்ளோ வேணுமோ பாரு."

தாரு பார்த்தாள். முதலில் பயந்து பயந்து, பிறகு நன்றாகவே பார்த்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சற்று முன் பொந்துக்குள் பார்த்த மாதிரியே, ஒரு கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. விழுந்த பல்லின் இடம் தெரிந்தது. முழு உடம்போடு என் பக்கம் திரும்பி, என் முகத்தைத் தேடிப் பிடித்துக் கத்தினாள்.

"மாமா, இங்க வாங்க! எங்கப்பாவோட வெள்ளை முழியில ஒரு மச்சம் இருக்குது!"

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். இடது கண்ணில், மூக்கின் ஓரமாக, கடுகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதருக்கு நான் டீ கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு உடனே போன் போட்டுக் கேட்டேன். அவளுக்கும் தெரியாது.